முதல் பிக் செட் வாங்கும் முன்: பூட்டிலிருந்து தொடங்குங்கள்

பூட்டைச் சாவியில்லாமல் திறந்து பழகுவதைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எந்த செட் வாங்கலாம்?" என்பதுதான். செட் என்றால், பூட்டுக்குள் விட்டுத் திறக்கும் மெல்லிய கருவிகளான பிக்குகளும், பூட்டைத் திருப்பிப் பிடிக்கும் டென்ஷன் ரென்ச்சுகளும் சேர்ந்த தொகுப்பு. கேள்வியில் தப்பில்லை. ஆனால் 15 துண்டு, 24 துண்டு, 32 துண்டு என்று வரிசையாக செட்டுகளைப் பார்த்ததும், துண்டு கூடினால் நல்லது என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. அந்த 24இல் முதல் சில மாதங்களுக்கு நீங்கள் கையில் எடுக்கப்போவது இரண்டோ மூன்றோதான், மீதியெல்லாம் பையிலேயே கிடக்கும். அதைவிட மோசம், இத்தனை பிக்குகளோடு வருகிற டென்ஷன் ரென்ச் பெரும்பாலும் இரண்டு மூன்றுக்கு மேல் இருக்காது, அவையும் உங்கள் பூட்டில் சரியாக உட்காராமல் நழுவிக்கொண்டே இருக்கும். "எவ்வளவு முயன்றும் திறக்கவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்குக் கோளாறு அங்கேதான்.

நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் பூட்டு, அப்புறம் அதற்கேற்ற தடிமன், அப்புறம் டென்ஷன் ரென்ச், கடைசியில்தான் பிக்கின் வடிவம். இந்த வரிசையில் போனால் மொத்தம் ஏழெட்டுத் துண்டுகளோடு ஒரு நல்ல தொடக்கம் அமைந்துவிடும்.

வாங்குவதற்கு முன்னால் இரண்டு விதி

இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறவர்கள் எங்கே போனாலும் கடைப்பிடிக்கிற விதிகள் இரண்டு. ஒன்று, உங்களுக்குச் சொந்தமான பூட்டையோ, உரிமையாளர் தெளிவாக அனுமதி தந்த பூட்டையோ தவிர வேறு எதிலும் கைவைக்கக் கூடாது. இரண்டு, பயன்பாட்டில் இருக்கும் பூட்டில் பழகக் கூடாது, அது உங்கள் வீட்டு வாசல் கதவாகவே இருந்தாலும் சரி. நெதர்லாந்தில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய டூல் (TOOOL) என்ற பூட்டுத் திறப்பு அமைப்பு, 1997இல் ஜெர்மனியில் உருவான எஸ்எஸ்டிஇவி (SSDeV) சங்கம் என்று இதை வெளிப்படையாக ஒரு விளையாட்டாக வளர்த்தவர்களும் இந்த ஒழுங்கில் நின்றுதான் வளர்த்தார்கள்.

முதல் விதிக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவதை மட்டும் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். பழகும்போது உள்ளே இருக்கும் மெல்லிய ஸ்பிரிங் நசுங்கலாம், பிக்கின் நுனி உடைந்து உள்ளேயே தங்கலாம், உருளை பாதி திரும்பிய நிலையில் சிக்கிக்கொள்ளலாம். மேசை மேல் கிடக்கும் பழைய பூட்டில் இது நடந்தால் ஒரு பாடம். வாசல் கதவில் நடந்தால் நீங்கள் வெளியே நிற்பீர்கள்.

சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இது நாட்டுக்கு நாடு மிகவும் மாறுகிறது. பல இடங்களில் கருவிகளை வீட்டில் வைத்திருப்பதில் சிக்கல் இல்லை, திருடும் நோக்கத்தோடு வைத்திருந்தால்தான் குற்றம். ஜப்பானிலோ 2003இல் வந்த சட்டப்படி தகுந்த காரணம் இல்லாமல் பூட்டுத் திறக்கும் சிறப்புக் கருவிகளை வைத்திருப்பதே குற்றம். நீங்கள் இருக்கும் இடத்தின் விதியைத் தெரிந்துகொண்ட பிறகு ஆர்டர் போடுங்கள். சட்டம் அனுமதித்தாலும், தேவையில்லாமல் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்ற வேண்டாம்.

சாவியைப் பாருங்கள், பூட்டு தெரியும்

கடையில் செட் என்று கிடைப்பவை அனேகமாக எல்லாமே பின் (pin) பூட்டுக்கானவை, அதாவது உள்ளே சிறு உலோகப் பின்கள் கொண்ட பூட்டுக்கானவை. அதனால் உங்களிடம் இருக்கும் பூட்டு அந்த வகைதானா என்று முதலில் பார்க்க வேண்டும். பூட்டைக் கழற்ற வேண்டாம், சாவியே சொல்லிவிடும். சாவியின் ஒரு விளிம்பில் மட்டும் மலைத்தொடர் போல மேடு பள்ளமாக வெட்டி, பக்கவாட்டில் நீளமாகப் பள்ளக் கோடுகள் ஓடினால் அது பெரும்பாலும் பின் பூட்டு. இரண்டு விளிம்பிலும் மெல்லிய வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் வேஃபர் பூட்டு, மேசை இழுப்பறைகளிலும் பழைய கார்களிலும் இருப்பது. தண்டின் முனையில் சின்னக் கொடி மாதிரி ஒரு தகடும் அதில் படிப்படியான வெட்டுகளும் இருந்தால் நெம்புகோல் பூட்டு, லீவர் பூட்டு என்பார்கள். தட்டையான சாவியின் முகத்தில் குழிகள் இருந்தால் டிம்பிள். அரைவட்டத் தண்டில் சாய்வான வெட்டுகள் இருந்தால் டிஸ்க் பூட்டு. குழாய் வடிவச் சாவி என்றால் அதன் பெயரும் குழாய்ப் பூட்டுதான்.

இதில் வேஃபர் பூட்டைப் பின் பூட்டுக் கருவிகளாலேயே திறந்துவிடலாம். லீவர், டிஸ்க், குழாய் மூன்றுக்கும் தனித்தனிக் கருவிகள் உண்டு, டிம்பிளுக்கும் அப்படியே. தொடக்கத்தில் அவற்றை வாங்காதீர்கள். கையில் இருப்பது லீவர் பூட்டு என்றால் அதை ஓரமாக வைத்துவிட்டு, பழகுவதற்கென்று ஒரு பின் பூட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பின் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கருவி தேர்வு முழுக்க இதில்தான் நிற்கிறது. சாவி நுழைகிற உருளை ஒன்று, அதைச் சுற்றி அசையாத உடல் ஒன்று. உடலிலிருந்து உருளைக்குள் நான்கைந்து துளைகள் இறங்குகின்றன. ஒவ்வொரு துளையிலும் மேலே ஒரு ஸ்பிரிங், அதன் கீழே ஒரு மேல் பின், அதற்கும் கீழே சாவி தொடும் கீழ் பின். மேல் பின்கள் பாதி உருளையிலும் பாதி உடலிலும் நிற்பதால் உருளை திரும்பாது. சரியான சாவி போட்டால் மேல் பின்னும் கீழ் பின்னும் பிரிகிற இடம் எல்லாத் துளைகளிலும் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும், உருளை சுழலும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் லைனஸ் யேல் என்ற தந்தையும் அதே பெயர்கொண்ட மகனும் உருவாக்கிய அமைப்பு இது, இன்றுவரை அடிப்படை மாறவில்லை.

துளைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் துல்லியமாக இருந்திருந்தால் பிக் என்ற பொருளுக்கே வேலை இருந்திருக்காது. எந்திரம் எவ்வளவு நன்றாகத் துளையிட்டாலும் மயிரிழை விலகல் இருக்கும். உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் எல்லாப் பின்களும் ஒரே நேரத்தில் இறுகாது, ஏதோ ஒன்றுதான் முதலில் இறுகும். அந்த ஒன்றைச் சரியான உயரத்துக்குத் தள்ளினால் உருளை ஒரு இம்மி திரும்பி, அடுத்த பின் இறுகும். இப்படி ஒவ்வொன்றாகத் தேடித் தேடி உயர்த்துவதுதான் திறப்பு. ஆகக் கருவிகள் இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று உருளையைத் திருப்பிப் பிடிப்பது, இன்னொன்று பின்னைத் தொட்டு உயர்த்துவது. முதல் வேலை டென்ஷன் ரென்ச்சுடையது, இரண்டாவது பிக்குடையது.

தடிமன்: பலர் பார்க்காமல் விடும் எண்

செட் விவரத்தில் துண்டு எண்ணிக்கை பெரிய எழுத்தில் இருக்கும், உலோகத்தின் தடிமன் எங்கோ மூலையில் இருக்கும், சிலசமயம் இருக்கவே இருக்காது. நீங்கள் தேட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

அகலமான சாவித்துளை கொண்ட பூட்டுகளுக்கு 0.025 அங்குலம், அதாவது சுமார் 0.6 மி.மீ. தடிமன் பொதுவான அளவு. எளிதில் வளையாது, கையில் உறுதியாக நிற்கும், கத்துக்குட்டியின் அழுத்தத்தைத் தாங்கும். துளை குறுகலாக, உள்ளே நெளிவுகள் ஒன்றையொன்று தாண்டி நிற்கிற பூட்டுகளில் இது உள்ளே போனாலும் அசையாது. அங்கே 0.018 அங்குலம் (சுமார் 0.46 மி.மீ.) அல்லது 0.015 அங்குலம் (சுமார் 0.38 மி.மீ.) வேண்டும். ஐரோப்பியப் பாணிக் கதவுச் சிலிண்டர்கள் பல இந்தக் குறுகல் ரகம்.

எப்படித் தீர்மானிப்பது? சாவியை நுனிப்பக்கமாகத் திருப்பிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டுப் பள்ளங்கள் ஆழம் குறைவாக, சாவி கிட்டத்தட்ட ஒரு தட்டைக் கம்பி போலத் தெரிந்தால் அகலத் துளை, 0.025 போதும். பள்ளங்கள் இரு பக்கமும் நடுக்கோட்டைத் தாண்டி வந்து சாவியே ஒரு மின்னல் கோடு போல நெளிந்திருந்தால் குறுகல் துளை, மெல்லிய பிக்தான் போகும். இரண்டு தடிமனிலும் ஒவ்வொரு ஹூக் (நுனி வளைந்த பிக்) கலந்து வருகிற செட் கிடைத்தால் நல்லது. ஒன்றுதான் என்றால், பழகுவதற்கு அகலத் துளைப் பூட்டையே தேர்ந்தெடுத்து 0.025 வாங்குங்கள். மெல்லிய பிக் எங்கேயும் போகும் என்று அதிலேயே தொடங்குபவர்கள் உண்டு, ஆனால் அழுத்தம் பழகாத கையில் அது சீக்கிரம் வளைந்துவிடும்.

டென்ஷன் ரென்ச்: காசை இங்கே போடுங்கள்

இரண்டு வகை உண்டு. ஒன்று, சாவித்துளையின் அடிப்பக்கத்தில், பின்களுக்கு எதிர்ப்பக்கம், செருகுவது. எல் வடிவில் வளைந்த தட்டைப் பட்டை, மலிவு செட்டுகளில் வருவது அனேகமாக இதுதான். இன்னொன்று, பின்கள் இருக்கும் பக்கத்திலேயே, முதல் பின்னுக்கு முன்னால் இருக்கும் சின்ன இடத்தில் உட்கார்வது. இதை டாக் என்பார்கள், அடிப்பக்கத்துக்கானதை பாக் என்பார்கள். டாக் குட்டையாக, தடிமனாக, நுனியில் சிறு பற்களோடு இருக்கும்.

நான் டாக் பக்கம்தான் நிற்பேன். பாக் ரென்ச் அடியில் உட்கார்ந்து சாவித்துளையில் பாதியை அடைத்துக்கொள்ளும், மிச்சம் இருக்கிற சந்தில்தான் பிக் நுழைய வேண்டும். டாக் போட்டால் துளை முழுக்க பிக்குக்கே. அதுவும் இல்லாமல், நன்றாகப் பொருந்திய டாக் பூட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். உருளை நகர்கிற அந்த மயிரிழை அசைவு விரலுக்கு அப்படியே வந்து சேரும்.

பொருத்தம்தான் இங்கே எல்லாம். டாக் ரென்ச்சுகள் ஏறக்குறைய 0.030, 0.040, 0.050 அங்குலத் தடிமன்களில் வருகின்றன, அதாவது 0.76, 1.0, 1.27 மி.மீ. இந்த மூன்றும் இருந்தால் நீங்கள் தொடக்கத்தில் சந்திக்கும் பூட்டுகளில் அனேகமானவற்றுக்கு ஏதாவது ஒன்று இறுக்கமாக உட்காரும். செருகியதும் கையை விட்டுப் பாருங்கள். ஆட்டம் இல்லாமல் அப்படியே நிற்க வேண்டும். தொங்கி விழுந்தால் அடுத்த அளவுக்குப் போங்கள். முதல் பின்னை இடிக்கிற அளவு ஆழமாகப் போய்விட்டால் அந்தப் பின் அசையாது, நீங்கள் மணிக்கணக்கில் மற்ற பின்களைத் தடவிக்கொண்டிருப்பீர்கள். அப்படி ஆழமாகப் போகிற ரென்ச்சின் நுனியை அரத்தால் கொஞ்சம் ராவிக் குட்டையாக்கிக்கொள்வது எல்லாரும் செய்கிற வேலைதான், தயங்க வேண்டாம்.

செட்டில் வரும் ரென்ச்சுகள் சரியில்லை என்றால், ரென்ச் மட்டும் தனியாக ஐந்தாறு அளவுகளில் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். வாங்க வழியில்லாவிட்டால் கார் வைப்பரின் ரப்பருக்குள் இருக்கும் மெல்லிய எஃகுப் பட்டையை எடுத்து, தேவையான நீளத்துக்கு வெட்டி வளைத்து அரம் போட்டால் நல்ல பாக் ரென்ச் கிடைக்கும். அரத்தாலேயே மெதுவாகச் செய்யுங்கள். கிரைண்டரில் வைத்து நீலம் பாயும்வரை சூடாக்கினால் எஃகின் பதம் போய்விடும், அப்புறம் அது வெறும் கம்பி.

பிக்: மூன்று போதும்

குட்டை ஹூக், அதாவது நுனி கொஞ்சம் மட்டும் மேலே வளைந்தது, உங்கள் முதன்மைக் கருவி. ஒவ்வொரு பின்னையும் தனித்தனியாகத் தொட்டு உயர்த்துவதற்கு இதுதான். பிக்கில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். பல வருடம் பழகியவர்களின் கையிலும் பெரும்பாலான நேரம் இதுதான் இருக்கிறது.

அடுத்து, கொஞ்சம் உயரம் கூடிய நடுத்தர ஹூக். சாவியில் ஒரு ஆழமான வெட்டுக்குப் பக்கத்திலேயே ஆழமில்லாத வெட்டு இருந்தால், உள்ளே நீளமான பின்னுக்குப் பின்னால் குட்டையான பின் மறைந்து நிற்கிறது என்று அர்த்தம். எது முன்னால் என்பதைப் பொறுத்துச் சிலசமயம் குட்டை ஹூக் அதை எட்டாது, முன்னால் இருப்பதையும் சேர்த்துத் தூக்கிவிடும். அங்கே இது உதவும்.

மூன்றாவது ஒரு ரேக். முன்னும் பின்னும் இழுத்து எல்லாப் பின்களையும் ஒரே நேரத்தில் குலுக்குவதற்கான நெளி வடிவக் கருவி. மூன்று திமில் கொண்ட பொகோட்டா வடிவம் நல்ல தேர்வு. மலிவான பூட்டுகள் ரேக்கில் சில நொடிகளில் திறந்துவிடும், அந்த முதல் சந்தோஷம் வேண்டியதுதான். ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள். ரேக்கால் திறக்கும்போது உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது, தெரியாததால் அடுத்த பூட்டுக்கு எதையும் கொண்டுபோக முடியாது. செட்டில் ஏழு ரேக்கும் ஒரு ஹூக்கும் இருந்தால் அந்த செட்டை விட்டுவிடுங்கள்.

அரை வைரம் என்று ஒரு முக்கோண நுனி எல்லா செட்டிலும் வரும். வேஃபர் பூட்டுக்கு நல்லது, இருந்தால் இருக்கட்டும். பந்து, அரைப்பந்து, இரட்டைப்பந்து வடிவங்கள் எண்ணிக்கையைக் கூட்டுவதற்குத்தான், அவற்றுக்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளர், 1790இலிருந்து யாராலும் திறக்க முடியாமல் சவாலாக வைக்கப்பட்டிருந்த பிராமா பூட்டைத் திறந்து 200 கினி (பழைய பிரிட்டிஷ் பண அளவு) பரிசு பெற்றார். 16 நாட்களில் பரவிய 51 மணி நேர வேலை அது. அந்தப் பூட்டுக்கென்றே செய்த கருவிகளைப் பொருத்திக்கொண்டுதான் அவர் உட்கார்ந்தார். பூட்டைப் பார்த்துக் கருவி என்பது இந்தக் கலையில் அன்றைக்கே இருந்த பழக்கம்.

எஃகு, கைப்பிடி, நுனி

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 301, 420 என்ற இரண்டு எண்களை அடிக்கடி பார்ப்பீர்கள். 301 அழுத்தி உருட்டியே கடினமாக்கப்படுவது, உடைவதற்கு முன் நன்றாக வளைந்து கொடுக்கும். 420 சூடாக்கிக் கடினமாக்கப்படுவது, விறைப்பு கூடுதல், ஆனால் வளைவதைவிடப் படக்கென்று உடைகிற சுபாவம். பழகுபவருக்கு 301 எனக்குப் பிடிக்கும், காரணம் எளிது. வளைந்த பிக்கை நிமிர்த்திக்கொள்ளலாம், உள்ளே உடைந்த நுனியை எடுப்பது பெரும்பாடு. எஃகின் வகையையே சொல்லாமல் "உயர்தர உலோகம்" என்று மட்டும் போட்டிருந்தால் அதைத் தவிர்ப்பது நல்லது.

கைப்பிடி விஷயத்தில் தடித்த மென்மையான ரப்பர் உறை போட்டவை பார்க்க வசதியாக இருக்கும், ஆனால் பின்னிலிருந்து வரும் சின்ன அதிர்வை அந்த ரப்பரே தின்றுவிடும். கெட்டியான பிளாஸ்டிக்கோ உலோகமோ இருபக்கமும் ஆணியடித்துப் பொருத்திய கைப்பிடி நல்லது. வெறும் உலோகப் பட்டை மட்டும் என்றால் அரை மணி நேரத்தில் விரல் வலிக்கும், அதற்குச் சூடாக்கினால் சுருங்குகிற மின்கம்பி உறையை மாட்டிக்கொள்ளலாம்.

பீட்டர்சன், ஸ்பாரோஸ், சவுத்ஆர்ட், மல்டிபிக் போன்ற பெயர்கள் இந்தப் பொழுதுபோக்கில் பலருக்குத் தெரிந்தவை, பிக்குகளைத் தனித்தனியாகவும் விற்பவர்கள். தனித்தனியாக வாங்க முடிகிற இடத்தில் குட்டை ஹூக் ஒன்று, நடுத்தர ஹூக் ஒன்று, ரேக் ஒன்று, டாக் ரென்ச் மூன்று, பாக் ரென்ச் இரண்டு என்று நீங்களே ஒரு செட்டைச் சேர்த்துவிடலாம். என்னைக் கேட்டால் இதுவே சிறந்த செட்.

வந்ததும் நேராகப் பூட்டில் விடாதீர்கள். பிக்கின் விளிம்பில், நுனியிலிருந்து கைப்பிடிவரை, நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்காவது நகம் மாட்டினால் அங்கே வெட்டின பிசிறு இருக்கிறது. அந்தப் பிசிறு பூட்டுக்குள் ஒவ்வொரு நெளிவிலும் உரசும். உங்கள் விரலுக்கு வருவது பின்னின் அசைவா, உரசலா என்று பிரித்தறியவே முடியாது. 400 எண் நீர் உப்புத்தாளை ஈரமாக்கி விளிம்புகளை நீளவாக்கில் தேய்த்து, அப்புறம் 800, 1200 என்று ஏறுங்கள். நுனியின் கூர்மையான மூலைகளை மட்டும் லேசாக மழுக்குங்கள், வடிவத்தை மாற்ற வேண்டாம். தேய்த்து முடித்த பிக் சாவித்துளைக்குள் வழுக்கிக்கொண்டு போகும்போது வித்தியாசம் உடனே தெரியும். விலை குறைந்த செட்டைக்கூட இந்த ஒரு வேலை பயன்படுத்தக்கூடியதாக மாற்றிவிடும்.

விட்டுவிட வேண்டியவை

பேனாக்கத்தி போல மடங்குகிற செட்: பிக் கைப்பிடிக்குள் ஆடும், ரென்ச்சைத் தனியாகக் கழற்ற வேண்டியிருக்கும், பழகுவதற்கு ஏற்றதே இல்லை. அட்டை வடிவத்தில் உடைத்து எடுக்கிற செட்டுகளும் அப்படித்தான், கைப்பிடி என்றே ஒன்று இருக்காது. பிக் கன், மின்சார பிக், பம்ப் சாவி எல்லாம் தட்டித் திறப்பவை, அவற்றால் விரல் எதையும் கற்றுக்கொள்ளாது.

உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பூட்டு பல செட்டுகளோடு இலவசம் போல வரும். பின் எப்படி ஏறி நிற்கிறது என்று பார்த்துப் புரிந்துகொள்ள நல்லது. அதற்கு மேல் அதில் பழகாதீர்கள். துளைகள் தளர்வாக இருப்பதால் எப்படிக் குத்தினாலும் திறக்கும், கண்ணால் பார்த்துத் திறக்கிற பழக்கமும் வந்துவிடும், ஆனால் இங்கே வேலை முழுக்க விரலுக்குத்தான். அதற்குப் பதிலாகக் கழற்றி மாட்டக்கூடிய பழகு பூட்டு ஒன்று கிடைத்தால் அதற்குச் செலவு செய்யலாம். எல்லாப் பின்களையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு பின்னோடு தொடங்கி, அப்புறம் இரண்டு, மூன்று என்று கூட்டிக்கொண்டே போகலாம்.

முதல் முறை உட்காரும்போது

பூட்டை ஒரு சின்ன வைஸில் துணி சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் சரி. டென்ஷன் ரென்ச் போடாமல் முதலில் பிக்கை மட்டும் கடைசிவரை விட்டு, ஒவ்வொரு பின்னாக அழுத்தி விட்டு எண்ணுங்கள். எல்லாம் ஸ்பிரிங்கில் துள்ளும். அந்தத் துள்ளலை விரல் பழகிக்கொள்ளட்டும்.

இப்போது ரென்ச்சைப் போட்டு, விரலின் சதை லேசாகப் படுகிற அளவுக்கு மட்டும் திருப்புங்கள். நகத்தின் அடி வெளுத்தால் அதிகம். திரும்பவும் ஒவ்வொரு பின்னாகத் தொடுங்கள். மற்றவை முன்போல் துள்ளும்போது ஒன்று மட்டும் கல் மாதிரி நிற்கும், அதுதான் இறுகிய பின். அதை மெதுவாக, மிக மெதுவாகத் தள்ளுங்கள். ஒரு கட்டத்தில் மெல்லிய டிக், ரென்ச் பிடித்த விரலில் ஒரு சின்ன நகர்வு. பின் உட்கார்ந்துவிட்டது. இப்போது அதைத் தொட்டால் துள்ளலும் இல்லை, இறுக்கமும் இல்லை, கொஞ்ச தூரம் தளர்வாக ஆடும். அடுத்த இறுகிய பின்னைத் தேடுங்கள். ஒன்று ஆடவும் இல்லை, துள்ளவும் இல்லை, தள்ளினாலும் நகரவில்லை என்றால் அதை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டீர்கள். டென்ஷனை, அதாவது ரென்ச்சில் கொடுக்கும் அழுத்தத்தை, விட்டு எல்லாவற்றையும் இறக்கித் திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.

பிக் வளைகிறது என்றால் பிக்கைக் குறை சொல்லாதீர்கள், டென்ஷனைக் குறையுங்கள். தொடக்கத்தில் பிக் வளைவதற்கும் உடைவதற்கும் பெரும்பாலும் இந்த ஒன்றுதான் காரணம். பிக்கை நெம்பும்போது பக்கத்துப் பின் மேல் சாய்க்காமல் சாவித்துளையின் நெளிவின் மேல் தாங்க வைத்து நெம்புங்கள்.

பூட்டு வரிசைக்கு ஒரு யோசனை. நான்கு பின் கொண்ட மாஸ்டர் லாக் 3ஆம் எண் தகட்டுப் பூட்டு முதல் வெற்றிக்கு ஏற்றது. அடுத்து அதே நிறுவனத்தின் 140ஆம் எண் பித்தளைப் பூட்டு. இதில் நடு மெலிந்து நூற்கண்டு போல இருக்கும் ஸ்பூல் பின்கள் உண்டு. உருளை நன்றாகத் திரும்பிவிட்ட மாதிரி நின்று ஏமாற்றும், அந்தப் பின்னைத் தள்ளும்போது ரென்ச் உங்கள் விரலைப் பின்னோக்கித் தள்ளும். அதற்கு இடம் கொடுத்து டென்ஷனைத் தளர்த்தக் கற்றுக்கொள்ள வேண்டும், பொருந்திய டாக் ரென்ச்சின் அருமை அங்கேதான் புரியும். அதற்கும் அப்புறம் அமெரிக்கன் லாக் 1100. விளிம்பில் பல் பல்லாக வெட்டிய பின்கள், ஒவ்வொரு பல்லிலும் டிக் என்று பொய்ச் சத்தம் கொடுக்கும். நாள் எடுக்கும், எடுக்கட்டும்.

இதே பெயரில் கிடைக்காவிட்டால் அகலத் துளையும் நான்கு பின்னும் உள்ள எந்தத் தொங்குபூட்டும் முதல் பூட்டாக ஆகும். ஒரே மாதிரியில் இரண்டு வாங்குங்கள், சாவி வெட்டு வேறாக இருக்கும்படி பார்த்து. ஒரே பூட்டைத் திரும்பத் திரும்பத் திறந்தால் கை அந்த வரிசையை மனப்பாடம் செய்துவிடும், திறன் கூடியதா என்று தெரியாமல் போகும்.

அடுத்தது எப்போது வாங்குவது

ஒரு குறிப்பிட்ட பூட்டில் ஒரு குறிப்பிட்ட பின்னை எட்ட முடியாமல் நிற்கும்போது. குறுகல் துளையில் 0.025 அசையவில்லை என்று விரலே சொல்லும்போது 0.018இல் ஒரு குட்டை ஹூக். பின்னுக்குப் பின்னால் இருக்கும் பின் எட்டாதபோது ஆழமான ஹூக். பூட்டைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வந்ததும், அது வரும், உருளையைத் தள்ளி எடுக்கும்போது ஸ்பிரிங்குகள் தெறிக்காமல் தடுக்கும் ஃபாலோயர் என்ற உருண்டைத் தண்டும், ஒரு நல்ல ட்வீசரும், பின்களை வரிசையாக வைக்க ஒரு தட்டும். டிம்பிளுக்கும் டிஸ்க்குக்கும் உரிய தனிக் கருவிகள் எல்லாம் இதற்கும் அப்புறம்.

தடிமன் வேறுபட்ட பிக்குகள் சேர ஆரம்பித்ததும் ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் அழியாத மையால் எண்ணை எழுதிவிடுங்கள், ரென்ச்சுகளுக்கும் அப்படியே. 0.015க்கும் 0.018க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எந்த ரென்ச் எந்தப் பூட்டில் சரியாக உட்கார்ந்தது என்பதையும் ஒரு துண்டுத்தாளில் குறித்துப் பூட்டோடு கட்டி வையுங்கள், மறுபடி அந்தப் பூட்டை எடுக்கும்போது முதல் கால் மணி நேரம் மிச்சமாகும்.